பல்லால் இசை கேட்ட எடிசன்

எங்கள் வீவக வீட்டில் தாத்தாவின் பழைய இசைத்தட்டுக் கருவி ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள்ளேயே ஒலிபெருக்கி பொருத்திய வகை. ஓர் அலமாரியின் மேல் அதை வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா பழைய திரைப்பாடல் தட்டு ஒன்றை ஓடவிடுவார். தம்பி குதித்து ஓடினாலோ, யாராவது அலமாரிக் கதவைப் பட்டென்று சாத்தினாலோ ஊசி துள்ளும். பாட்டில் ஒரு வரி காணாமல் போகும். மேல்வீட்டில் புதுப்பிப்புப் பணி நடந்த மாதத்தில் பாட்டோடு துளையிடும் இயந்திரத்தின் உறுமலும் சேர்ந்து ஒலித்தது.

பல்கலைக்கழகத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டில் அதிர்வுகள் பற்றிய பாடம் வந்தபோது இதற்கு ஒரு வழி தெரிந்தது. இரண்டு ஸ்குவாஷ் பந்துகளைப் பாதியாக வெட்டி, நான்கு மூலைகளில் கவிழ்த்து வைத்து, அவற்றின் மேல் கனமான கருங்கல் பலகையை வைத்தேன். அதன்மேல் கருவி. துள்ளல் நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

தாத்தாவின் முகம் மட்டும் வாடியிருந்தது. சில ஆண்டுகளாகவே அவருக்குச் செவித்திறன் குறைந்து வருகிறது. அலமாரியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் அவர் பாட்டுக் கேட்பார் என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. அலமாரியிலிருந்து கருவிக்குப் போகும் அதிர்வை நான் தடுத்தேன். அதே வேலையில், கருவியிலிருந்து அவர் கைக்கு வந்துகொண்டிருந்த அதிர்வையும் தடுத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் தாமஸ் ஆல்வா எடிசனைப் பற்றி மறுபடியும் தேடிப் படித்தேன். மின்விளக்கு எடிசனை நாம் தொடக்கப்பள்ளியிலேயே அறிவோம். ஒலியைப் பதிவு செய்து திரும்பக் கேட்க முதன்முதலில் வழி கண்டவரும் அவரே. அவருக்கும் காது சரியாகக் கேட்காது. அந்த எடிசனின் கதை பாடநூலில் வரும் கதையைவிடச் சற்றுச் சிக்கலானது.

ரயிலில் விற்ற சிறுவன்

எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மைலன் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரனுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் அவர் படித்தது சில மாதங்களே. முன்னாள் ஆசிரியையான தாயார் நான்சி, மகனை வீட்டிலேயே உட்கார வைத்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

12 வயதில் போர்ட் ஹியூரனுக்கும் டிட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய ரயிலில் நாளிதழும் இனிப்பும் விற்கத் தொடங்கினார். அந்த வயதுவாக்கில்தான் காது மங்கத் தொடங்கியது. இளம் வயதில் வந்த காய்ச்சலும் காதுத் தொற்றும் காரணமாக இருந்திருக்கலாம். எடிசனோ, ரயிலில் ஏறும்போது ஒருவர் தம் காதுகளைப் பிடித்துத் தூக்கிவிட்டதைப் பிற்காலத்தில் காரணமாகச் சொல்லி வந்தார். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். 12 வயதுக்குப் பிறகு பறவை பாடுவதைத் தாம் கேட்டதில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார்.

1862இல் ஒரு ரயில் நிலையத்தில், தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளையை, உருண்டு வந்த ரயில்பெட்டியின் முன்னாலிருந்து இழுத்துக் காப்பாற்றினார். குழந்தையின் தந்தை அந்த நிலைய அதிகாரி. நன்றிக்கடனாக எடிசனுக்குத் தந்தி அனுப்பக் கற்றுக்கொடுத்தார்.

தந்தி வேலைக்குச் செவிக்குறை இடையூறு அல்லவா என்று தோன்றும். எடிசன் அப்படி நினைக்கவில்லை. அன்றைய தந்தி அலுவலகங்களில் பல கருவிகள் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு அது இரைச்சல். அவருக்கோ தம் மேசையில் இருந்த கருவியின் தட்டல் மட்டுமே எட்டியது. கவனம் சிதறாதது தமக்கு நன்மையே என்று அவர் கருதினார். ஒலி என்பது காதுக்கு வருவதற்கு முன்பே ஒரு பொருளின் அசைவு என்பதை அவர் வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

விரலில் குத்திய ஊசி

1876இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க்கில் எடிசன் தம் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். மறு ஆண்டு அங்கே இரண்டு வேலைகள் அருகருகே நடந்தன. ஒன்று, தந்திச் செய்தியைத் தாளில் புள்ளியும் கோடுமாக அழுத்திப் பதித்து, பிறகு வேகமாகத் திரும்ப அனுப்பும் கருவி. தாள் மிக வேகமாகச் சுழன்றபோது அதிலிருந்து மனிதப் பேச்சு போன்ற ஒரு முனகல் எழுந்தது. மற்றொன்று, தொலைபேசியின் பேசும் பகுதியைச் செம்மைப்படுத்தும் வேலை. அதில் ஒரு மெல்லிய தகடு குரலுக்கு ஏற்ப அதிரும். தகட்டோடு இணைத்த கூர்முனை, பேசும்போது தம் விரலில் குத்தியதாக எடிசன் பின்னர் நினைவுகூர்ந்தார்.

காது நன்றாகக் கேட்கும் ஒருவர் அந்தத் தகட்டின் ஒலியைக் கேட்டிருப்பார். எடிசன் விரலை வைத்து அதன் அசைவை உணர்ந்தார். ஓர் ஊசி விரலைக் குத்தும் அளவுக்கு அசைகிறது என்றால், மென்மையான ஒரு பொருளில் அது தடத்தையும் பதிக்கும் அல்லவா? அந்தத் தடத்தின்மேல் அதே ஊசி மீண்டும் ஓடினால் அதே அசைவு திரும்ப வரவேண்டும். அசைவு திரும்பினால் குரலும் திரும்ப வேண்டும்.

1877 ஜூலையில் மெழுகுத் தாளை வைத்து முதல் சோதனைகள் நடந்தன. டிசம்பர் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தில் பிறந்த அவருடைய இயந்திரக் கலைஞர் ஜான் குரூசி, எடிசனின் வரைபடத்தைப் பார்த்து ஒரு கருவியைச் செய்து முடித்தார். சுருள் பள்ளம் வெட்டிய பித்தளை உருளை, அதைச் சுற்றிய வெள்ளீயத் தாள், தகட்டோடு கூடிய ஊசி, கையால் சுற்றும் பிடி. அவ்வளவுதான். எடிசன் ஆட்டுக்குட்டி பற்றிய ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றை உரக்கச் சொல்லி, ஊசியைத் தொடக்கத்துக்கு நகர்த்தி, மறுபடியும் சுற்றினார். கருவி அதைத் திருப்பிச் சொன்னது. அறையில் இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். முதல் முயற்சியிலேயே வேலை செய்யும் எதன்மீதும் தமக்கு எப்போதும் சந்தேகம் உண்டு என்று எடிசன் பின்னர் கூறியிருக்கிறார்.

டிசம்பர் 7ஆம் தேதி அதை நியூயார்க்கிலுள்ள சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழின் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றார். கருவிக்கு ஃபோனோகிராஃப் என்று பெயர். 1878 பிப்ரவரி 19ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. ஏப்ரலில் அதிபர் ஹேய்ஸ் வெள்ளை மாளிகையிலேயே அதைக் கேட்டார். அந்தக் காட்சி நள்ளிரவைத் தாண்டியும் நீண்டது. எடிசனுக்கு அப்போது வயது 31.

பத்து ஆண்டு இடைவெளி

புகழ் வந்த வேகத்தில் சிக்கலும் வந்தது. வெள்ளீயத் தாளில் பதிந்த குரலைச் சில தடவைதான் கேட்க முடியும். பிறகு தடம் நசுங்கிவிடும். கையால் சுற்றும்போது வேகம் கூடினால் குரல் கீச்சிடும், குறைந்தால் தடிக்கும். இதற்காக 1878இல் வந்த காட்சிக் கருவிகளில் கனமான சமநிலைச் சக்கரம் ஒன்றைச் சேர்த்தார்கள். கனமான பொருள் தன் வேகத்தை எளிதில் மாற்றிக்கொள்ளாது என்பதே அதன் பின்னுள்ள கருத்து.

அதற்குள் எடிசனின் மனம் மின்விளக்கின் பக்கம் திரும்பியது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஃபோனோகிராஃப் தூங்கியது. 1884இல் முதல் மனைவி மேரி இறந்தார். மூன்று குழந்தைகள். அவர்களில் மூத்த இருவருக்கும் தந்தி மொழியின் புள்ளி, கோடு என்ற சொற்களையே செல்லப்பெயர்களாக வைத்திருந்தார் எடிசன்.

அடுத்த ஆண்டு மினா மில்லர் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். காது கேளாதவர் நாலு பேர் நடுவில் காதலைச் சொல்வது எப்படி? மினாவுக்குத் தந்திக் குறியீட்டைக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஒருநாள் அவர் உள்ளங்கையில் விரலால் தட்டி, திருமணத்துக்குச் சம்மதமா என்று கேட்டார். மினா அவர் கையில் தட்டியே சம்மதம் சொன்னார். 1886இல் திருமணம் நடந்தது.

இதற்கிடையே சிச்செஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் டெய்ன்டரும் வெள்ளீயத்துக்குப் பதில் மெழுகைப் பயன்படுத்தி, மேம்பட்ட கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். தம் குழந்தையைப் பிறர் எடுத்து வளர்ப்பதுபோல் எடிசனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1887இல் வெஸ்ட் ஆரஞ்சில் முன்னதைவிடப் பெரிய ஆய்வுக்கூடத்தைத் திறந்து, ஃபோனோகிராஃபுக்கே திரும்பினார். 1888 ஜூனில் இரவு பகலாக உழைத்து மெழுகு உருளைக் கருவியை முடித்தார். அந்த உழைப்பின் முடிவில், கருவியின் அருகே தலையைக் கையில் தாங்கிக் களைத்து அமர்ந்திருக்கும் அவருடைய புகைப்படம் இன்றும் பிரபலம்.

அந்த ஆய்வுக்கூட வளாகத்தில் நுண்ணிய மின் அளவீடுகளுக்காக ஒரு கட்டடத்தை இரும்பே சேர்க்காமல் கட்டினார்கள். காந்தத் தொந்தரவு அளவீட்டைக் கெடுத்துவிடக்கூடாது என்பது நோக்கம். பிற்பாடு அருகிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அத்தனை கவனமும் வீணானது. நம் கருவியை நாம் எவ்வளவு நன்றாகச் செய்தாலும், அண்டைவீட்டு உலகம் உள்ளே நுழைந்துவிடும். மேல்வீட்டுத் துளையிடும் இயந்திரம் நினைவுக்கு வந்தது எனக்கு.

ஊசிக்கு வேறுபாடு தெரியாது

இங்கே கொஞ்சம் இயற்பியல். ஒலிப்பதிவுத் தடத்தில் உள்ள மேடுபள்ளங்கள் தலைமுடியின் பருமனைவிடச் சிறியவை. அவற்றின் மேல் ஓடும் ஊசிக்கு, தன்னை அசைப்பது பாடகரின் குரலா, தரையில் நடப்பவரின் காலடியா, கருவியின் சொந்த மோட்டாரா என்று பிரித்தறியத் தெரியாது. அசைந்தால் அது ஒலிதான். எனவே வேண்டிய அசைவை ஊசிக்கு அனுப்பி, வேண்டாத அசைவைத் தடுப்பதே ஒலிக்கருவி செய்பவரின் பாதி வேலை.

எடிசன் நிறுவனத்தின் கருவிகளில் இதற்கான விடைகளைக் காணலாம். 1896இல் ஸ்பிரிங் மோட்டார் கொண்ட வீட்டுக் கருவி வந்தது. 1898இல் வந்த ஸ்டாண்டர்டு என்ற மாதிரியின் விலை 20 டாலர். மோட்டாரும் உருளையும் தோல் வாரினால் இணைக்கப்பட்டிருந்தன. பல்சக்கரங்களின் கடகடப்பு உருளைக்குப் போகாமல் இருக்க அந்த வார் உதவும். இன்றைய பல இசைத்தட்டுக் கருவிகளிலும் மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ரப்பர் வார் இருப்பது அதே காரணத்துக்காகத்தான்.

அதைவிட அழகான விடை, ஊசியின் மேல் இருந்த மிதக்கும் எடை. மெழுகு உருளை முழு வட்டமாக இருக்காது. சற்றுக் கோணலாகச் சுழலும். அப்போது ஊசி மெதுவாக மேலேறி இறங்கும். ஊசியை அழுத்தும் எடையை ஒரு கீலில் பொருத்தியிருந்ததால், மெதுவான அந்த ஏற்ற இறக்கத்தோடு எடையும் சேர்ந்தே ஏறி இறங்கியது. தகட்டில் பாதிப்பு இல்லை. குரலின் அதிர்வோ ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான தடவை நிகழ்வது. அந்த வேகத்துக்கு எடையால் ஈடுகொடுக்க முடியாது. நிலைமத்தால் அது அப்படியே நிற்கும். நிற்கும் எடையைத் தாங்கலாகக் கொண்டு ஊசி நெம்புகோல்போல் தகட்டை அசைக்கும். கோணல் ஒதுங்கிவிடும், குரல் மட்டும் தகட்டுக்குப் போய்ச் சேரும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீளமான ரப்பர் வளையத்தில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு, வளையத்தின் மேல்முனையைக் கையில் பிடியுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் சாவிக்கொத்தும் உடன் வரும். சற்று வேகப்படுத்தினால் ஒரு கட்டத்தில் அது வெறிபிடித்தாற்போல் குதிக்கும். அதுதான் அதன் இயல்பு அதிர்வெண். இன்னும் வேகமாக ஆட்டுங்கள். கைதான் ஆடும், சாவிக்கொத்து ஏறக்குறைய அசையாமல் நிற்கும்.

அதிர்வைத் தடுக்கும் எல்லா அமைப்புக்கும் இதுவே அடிப்படை. கனமான பலகை, அதன்கீழ் மெத்தென்ற தாங்கி. இயல்பு அதிர்வெண்ணைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டிய அதிர்வுகள்தான் குறையத் தொடங்கும். மூன்று மடங்கில் வரும் அதிர்வு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் இயல்பு அதிர்வெண்ணிலேயே வரும் அதிர்வைத் தாங்கி பெருக்கிவிடும். ஆகவே எதையாவது மெத்தென்று அடியில் வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. காலடியின் வேகத்தோடு தாங்கியின் இயல்பு அதிர்வெண் ஒத்துப்போனால், முன்பைவிட மோசமாக ஊசி துள்ளும்.

மேலும் கீழுமா, பக்கவாட்டிலா?

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர் 1887இல் வேறு வழியில் போனார். எடிசனின் ஊசி மேலும் கீழும் அசைந்து மேடுபள்ளமாகப் பதியும். பெர்லினரின் ஊசி பக்கவாட்டில் நெளிந்து பதியும். உருளைக்குப் பதில் அவர் தட்டையான தட்டைப் பயன்படுத்தினார். அதற்குக் கிராமஃபோன் என்று பெயரிட்டார். தட்டை அச்சிட்டு ஆயிரக்கணக்கில் பெருக்குவது எளிது. அடுக்கி வைப்பதும் எளிது. பெர்லினரின் உதவியாளராக இருந்த ஃபிரெட் கைஸ்பெர்க், கிராமஃபோன் நிறுவனத்துக்காக 1903இல் நம் சிங்கப்பூருக்கும் வந்து மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்தார்.

உருளையில் ஊசியின் வேகம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாது. தட்டில் உட்புறம் போகப் போகக் குறையும். உருளையே மேல் என்ற எடிசனின் எண்ணத்தில் தொழில்நுட்ப நியாயம் இருந்தது. மக்களோ தட்டையே வாங்கினார்கள். இறுதியில் 1912இல் எடிசனும் தட்டுக்கு வந்தார். டைமண்ட் டிஸ்க் என்ற அந்தத் தட்டு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிப்பு. ஒரு நிமிடத்தில் 80 தடவை சுழலும். மற்ற நிறுவனங்களின் கருவியில் எஃகு ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். இவரது கருவியில் வைர ஊசி, மாற்றவே வேண்டாம். ஊசியைத் தட்டின் தடம் இழுத்துச் செல்லாமல், கருவியே தனிப் பொறியால் நகர்த்தியது. அந்தக் காலத்தில் வீட்டில் கேட்கக்கூடிய மிகத் தெளிவான ஒலிகளில் ஒன்று இது.

ஆனால் மேடுபள்ளத் தடத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எடிசன் தட்டு மற்றவர் கருவியில் சாதாரணமாக ஓடாது. மற்றவர் தட்டு எடிசன் கருவியில் ஓடாது. கருவியை வாங்கியவர் எடிசன் வெளியிடும் பாடல்களை மட்டுமே கேட்க வேண்டும். இன்று ஒரு நிறுவனத்தின் மின்னூட்டி இன்னொரு கைப்பேசிக்குப் பொருந்தாவிட்டால் நமக்கு வருமே எரிச்சல், அதே எரிச்சல்தான் அன்றும்.

1914 டிசம்பர் 9ஆம் தேதி இரவு வெஸ்ட் ஆரஞ்சுத் தொழிற்சாலைக் கட்டடங்கள் பல தீக்கிரையாயின. 67 வயது எடிசன் உடனே மீண்டும் கட்டத் தொடங்கினார். முதல் உலகப் போரால் நல்ல மூலப்பொருள் கிடைப்பது அரிதாகி, தட்டுகளின் தரம் குறைந்து, இரைச்சல் கூடியது. அதையும் சமாளிக்க முயன்றார். அவரது விடாமுயற்சியைப் பற்றி நாம் கேள்விப்பட்டதெல்லாம் உண்மைதான்.

கேளாதவர் தேர்ந்தெடுத்த பாட்டு

இனி வருவதுதான் பாடநூலில் அதிகம் காணாத பகுதி.

எந்தப் பாடகரைப் பதிவு செய்வது, எந்தப் பதிவை வெளியிடுவது என்பதைப் பல ஆண்டுகள் எடிசன் தாமே முடிவு செய்தார். எப்படிக் கேட்டார்? கருவியின் மரத்தில் பல்லை அழுத்திக் கடித்துக்கொள்வார். பியானோவையும் அப்படியே. மரத்தின் அதிர்வு பல் வழியாகவும் தாடை, மண்டை எலும்புகள் வழியாகவும் உட்செவியை நேரே சென்றடையும். வெளிச்செவியும் நடுச்செவியும் பழுதானாலும் இந்தப் பாதை திறந்தே இருக்கும். எலும்பு வழி ஒலியைக் கடத்தும் செவிக்கருவிகள் இன்றும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. அவருடைய பற்கள் பதிந்த மரப்பெட்டிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

நினைத்துப் பாருங்கள். என் தாத்தாவின் உள்ளங்கை, எடிசனின் பல். இருவருக்கும் அதிர்வு என்பது தடுக்க வேண்டிய தொல்லை அல்ல. இசை வந்து சேரும் ஒரே வாசல்.

இந்த வாசல் வழியாக எடிசன் சிலவற்றை மற்றவர்களைவிட நன்றாகக் கேட்டார். பாடகரின் குரலில் உள்ள சிறு நடுக்கத்தையும் கருவியின் பல்சக்கர ஓசையையும் அவர் உடனே கண்டுபிடிப்பாராம். நல்ல பொறியாளருக்கு அது பெரிய பலம். ஆனால் ரசனை என்பது வேறு. குரலை அலைபோல் நடுக்கிப் பாடும் பாணி அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படிப் பாடிய பலரை ஒதுக்கினார். ஜாஸ் இசையும் அவருக்கு ஒவ்வவில்லை. புகழ்பெற்ற பியானோ கலைஞர் ரக்மனினோஃப் 1919இல் எடிசன் நிறுவனத்துக்காக வாசித்துப் பதிவு செய்தார். 1920இல் போட்டி நிறுவனமான விக்டருக்குப் போய்விட்டார். கருசோ போன்ற மாபெரும் பாடகர்களும் விக்டரின் பக்கமே இருந்தார்கள். மக்கள் தங்களுக்குப் பிடித்த குரலைத் தேடிப் போனார்கள். ஒலியின் தெளிவு அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

தம் கருவியின் தெளிவை நிரூபிக்க 1915 முதல் ஊர் ஊராக எடிசன் நிறுவனம் காட்சிகள் நடத்தியது. மேடையில் பாடகர் ஒருவர் கருவியின் அருகில் நிற்பார். விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் ஒலிப்பது நேரடிக் குரலா, தட்டா என்று பார்வையாளர்கள் ஊகிக்க வேண்டும். 1916இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கிலும் இது நடந்தது. பலரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாடகர்கள் தங்கள் குரலைக் கருவியின் அளவுக்கு அடக்கிப் பாடினார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. கருவி மனிதரைப்போல் பாடியது பாதி. மனிதர் கருவியைப்போல் பாடியது மீதி.

1925இல் மைக்ரோஃபோன் கொண்டு மின்முறையில் பதிவு செய்யும் வழியைப் பெரிய நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. மின்சாரத்தை வீடுவீடாகக் கொண்டுபோன எடிசனின் நிறுவனமோ 1927வரை பழைய குழாய் முறையையே பிடித்துக்கொண்டிருந்தது. வெஸ்ட் ஆரஞ்சில் அவர் கட்டிய ஒரு பதிவுக்குழாயின் நீளம் 125 அடி! 1926இல் இருபுறமும் சேர்த்து 40 நிமிடம் ஓடும் நீண்ட தட்டு ஒன்றை வெளியிட்டார். சிந்தனை காலத்தை முந்தியது. ஆனால் ஓர் அங்குலத்தில் 450 தடங்கள். அத்தனை நுண்ணிய தடத்தில், அன்றைய கனமான ஊசியமைப்பு நிலைத்து ஓட முடியவில்லை. அதுவும் தோற்றது.

1929 அக்டோபர் இறுதியில், நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த அதே நாள்களில், எடிசன் நிறுவனம் இசைத்தட்டுத் தொழிலை நிறுத்திக்கொண்டது. கடைசிக் கட்டத்தில் பக்கவாட்டுத் தடத்துக்கும் மாறிப் பார்த்தார்கள். காலம் கடந்துவிட்டது. 1931 அக்டோபர் 18ஆம் தேதி, 84 வயதில் எடிசன் மறைந்தார். அமெரிக்காவில் மட்டும் அவர் பெயரில் 1,093 காப்புரிமைகள். அவர் மிகவும் நேசித்த கண்டுபிடிப்பு ஃபோனோகிராஃப். அந்தத் தொழில்தான் அவர் கண்ணெதிரிலேயே மூடப்பட்டது.

பிறகு என்ன ஆனது?

கதை அத்தோடு முடியவில்லை. 1950களின் பிற்பகுதியில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தது. இரண்டு ஒலிகளை ஒரே தடத்தில் பதிக்க ஊசி பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழும் அசைய வேண்டியதாயிற்று. எடிசனின் அசைவும் பெர்லினரின் அசைவும் ஒரே பள்ளத்தில் சந்தித்தன. கூடவே பழைய தொல்லையும் திரும்பியது. தரை பெரும்பாலும் மேலும் கீழும்தானே அதிர்கிறது? அந்த அதிர்வு இப்போது நேராக ஒலிபெருக்கிக்குப் போனது.

1961இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் இதற்கு எளிய விடை தந்தார். தட்டு சுழலும் மேடையையும் ஊசிக் கையையும் ஒரே உள்சட்டத்தில் சேர்த்து, அந்தச் சட்டத்தை மென்மையான ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டார். மோட்டாரைத் தனியே வைத்து ரப்பர் வாரால் இணைத்தார். மேசையைத் தட்டினாலும் தட்டும் ஊசியும் ஒன்றாகவே மிதக்கும், ஒன்றுக்கொன்று அசையாது. எடிசனின் மிதக்கும் எடையும் தோல் வாரும் புது உடை போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருக்கிறது.

எடிசனிடம் நாம் கற்கக்கூடியது விடாமுயற்சி மட்டும்தான் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது இன்னொன்றும் தெரிகிறது. தம் குறையையே வழியாக மாற்றிக்கொண்டு, மற்றவர் கவனிக்காத அதிர்வை அவர் கவனித்தார். அதனால் உலகம் ஒலிப்பதிவைப் பெற்றது. அதே மனிதர், மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று கேட்க மறந்தார்; அதனால் தொழிலை இழந்தார். அவர் காது கேளாமை அவரைத் தோற்கடிக்கவில்லை. தாம் கேட்பதே சரி என்ற பிடிவாதம்தான் தோற்கடித்தது.

ஸ்குவாஷ் பந்துகளை வைத்த அன்று நானும் அதைத்தான் செய்தேன். ஊசி துள்ளாமல் இருப்பதுதான் நல்ல ஒலி என்று நானாகவே முடிவு செய்தேன். வீட்டில் யார், எப்படிக் கேட்கிறார் என்று பார்க்கவில்லை.

சரிசெய்வது கடினமாக இருக்கவில்லை. பந்துகளையும் கருங்கல்லையும் எடுக்கவில்லை. தாத்தாவின் நாற்காலியை மட்டும் அலமாரிக்கு அருகே நகர்த்தினேன். இப்போது அவர் கை கருவியின் மரப்பெட்டியின் மேலேயே இருக்கிறது. பெட்டிக்கும் அலமாரிக்கும் நடுவில் பந்துகள் இருப்பதால் தம்பியின் ஓட்டம் பாட்டைக் கெடுப்பதில்லை. பெட்டியின் அதிர்வும் சிந்தாமல் தாத்தாவின் கைக்கே போகிறது. முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னார்.

செவிப் பரிசோதனைக்கு வர அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த முறை எடிசன் கதையைச் சொன்னேன். சிரித்தார். அடுத்த மாதம் போகலாம் என்றார். நாங்கள் காத்திருக்கிறோம்.